கல்யாணத்துக்குப் பிறகு வருமான வரி: கணவன், மனைவி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் தனிநபர்களுக்கு ரிட்டன் போடும் வேலை என்னுடையது. ஜூன், ஜூலை மாதங்களில் மேஜைக்கு எதிரே கணவனும் மனைவியுமாக வந்து உட்காருவார்கள். ஊர் வேறு, சம்பளம் வேறு, ஆனால் கேள்விகள் அநேகமாக அதேதான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

வரி விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை. பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு. இங்கே பேசும் அடிப்படை விஷயங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ரிட்டன் போடலாமா?

முடியாது. ஆளுக்கு ஒரு பான், ஆளுக்கு ஒரு ரிட்டன். திருமணம் ஆனதால் வரி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பான் அட்டையில் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாற்றுவதானால் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே மாதிரி மாற்றிவிடுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு ரீஃபண்ட் வராமல் அலைபவர்கள் நிறைய.

முன்பு இப்படி இல்லை. 1955 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக், மணமானவருக்கு ரூ.2,000 வரையும் மணமாகாதவருக்கு ரூ.1,000 வரையும் வரியில்லை என்று பிரித்து வைத்தார். அது பின்னால் போய்விட்டது. பெண்களுக்குத் தனி வரம்பு 2011-12 வரை இருந்தது: மற்றவர்களுக்கு ரூ.1.8 லட்சம், பெண்களுக்கு ரூ.1.9 லட்சம். அடுத்த ஆண்டிலிருந்து எல்லாருக்கும் ரூ.2 லட்சம் என்று ஒன்றாக்கிவிட்டார்கள்.

ஆளுக்கு ஒரு கணக்கு என்ற இந்த முறைக்கு விதிவிலக்கு கோவா. போர்த்துகீசியர் காலச் சிவில் சட்டம் பொருந்தும் தம்பதிகளுக்கு, சம்பளம் தவிர்த்த வருமானத்தைக் கணவன் மனைவிக்குள் சரிபாதியாகப் பிரித்து இருவர் ரிட்டனிலும் காட்ட வேண்டும். டாமன்-டையூ, தாத்ரா-நாகர் ஹவேலியிலும் அப்படித்தான்.

12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னாங்களே, அது குடும்பத்துக்கா, ஆளுக்கா?

ஆளுக்கு. வரி கணக்கிடப் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய முறையில் ஒருவரின் வருமானம் ரூ.12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், போட்ட வரியைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். சம்பளக்காரர்களுக்கு ரூ.75,000 நிலைக் கழிவும் (செலவுக் கணக்குக் கேட்காமல் சம்பளத்திலிருந்து கழிக்கும் தொகை) உண்டு என்பதால் ரூ.12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி வராது. இருவரும் வேலைக்குப் போனால் இருவருக்கும் தனித்தனியாக இந்தச் சலுகை கிடைக்கும்.

நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கிறேன். பக்கத்து வீட்டில் ரெண்டு பேர் சம்பாதிச்சு எங்களைவிடக் குறைவா வரி கட்டறாங்க. இது நியாயமா?

உங்கள் ஆதங்கம் சரிதான். கழிவெல்லாம் போக ஒருவர் மட்டும் ரூ.24 லட்சம் சம்பாதிக்கும் வீட்டில் வரி ரூ.3 லட்சம், வரியின் மேல் போடும் கூடுதல் வரியான செஸ் சேர்த்து ரூ.3,12,000. அதே 24 லட்சத்தை இருவர் ஆளுக்கு 12 லட்சமாகச் சம்பாதித்தால் வரி பூஜ்யம். சமையல், பிள்ளைகள் படிப்பு, வயதானவர்கள் கவனிப்பு என்று ஒருவர் முழுநேரம் வீட்டில் நின்று செய்யும் வேலை வரிக் கணக்கில் எங்குமே வராது. 2025 பட்ஜெட்டுக்கு முன் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், தம்பதிகள் விரும்பினால் சேர்ந்து ரிட்டன் போட அனுமதிக்கலாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 1948 முதல் அந்த வசதி இருக்கிறது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. இருவர் வருமானத்தையும் கூட்டி வரி போட்டால், குழந்தை வளர்ந்தபின் ரூ.25,000 சம்பளத்தில் வேலைக்குத் திரும்பும் பெண்ணின் முதல் ரூபாய்க்கே கணவரின் உச்ச விகிதத்தில் வரி விழும். ‘வரிக்கே போயிடும், நீ ஏன் போறே?’ என்று வீட்டிலேயே தடுப்பார்கள். அதனால் அப்படி ஒரு முறை வந்தாலும் விருப்பத் தேர்வாகவே வர வேண்டும் என்பது என் கருத்து.

மனைவிக்கு மாசாமாசம் வீட்டுச் செலவுக்கு அனுப்பறேன். அவளுக்கு வரி வருமா?

வராது. கணவன் மனைவிக்குள் எவ்வளவு கொடுத்தாலும் அது வாங்குபவருக்கு வருமானம் இல்லை. வரம்பும் கிடையாது. பயந்துகொண்டு கையில் ரொக்கமாகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை, வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

அப்போ என் பணத்தை அவ பேர்ல எஃப்.டி. போட்டா வரி மிச்சம்தானே?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பணத்தைக் கொடுப்பதற்கு வரி இல்லை. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வருமானம் கொடுத்தவர் கணக்கில்தான் சேரும் என்கிறது 64-ஆம் பிரிவு. நீங்கள் கொடுத்த ரூ.10 லட்சத்தை அவர் 7 சதவீதத்தில் எஃப்.டி. போட்டால் வரும் ரூ.70,000 வட்டி உங்கள் வருமானம். உங்கள் விகிதத்தில் நீங்கள்தான் வரி கட்ட வேண்டும். மனைவி கணவருக்குக் கொடுத்தாலும் இதே கதை.

இதைச் சொன்னதும் ‘அப்போ அவ பேர்ல எதுவுமே போட வேண்டாம்’ என்று எழுந்துபோன கணவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சரியான முடிவு இல்லை. வரி மிச்சமாகாது, அவ்வளவுதான். மனைவி பெயரில் நாலு காசு இருப்பது வரி மிச்சத்தைவிடப் பெரிய விஷயம். தாராளமாகப் போடுங்கள், வட்டியை மட்டும் உங்கள் ரிட்டனில் காட்டுங்கள்.

வர்ற வட்டியை எடுத்து அவ மறுபடியும் டெபாசிட் போட்டா?

அதன் வட்டி அவருடையது. மேலே சொன்ன ரூ.70,000-ஐ அவர் வேறு எஃப்.டி.யில் போட்டு ரூ.4,900 வட்டி வந்தால், அந்த 4,900 மனைவியின் வருமானம். சட்டம் துரத்துவது நீங்கள் கொடுத்த சொத்தின் நேரடி வருமானத்தை மட்டும்தான், வருமானத்தின் வருமானத்தை அல்ல. அதனால் அசலை ஒரு கணக்கிலும் வட்டியை இன்னொரு கணக்கிலும் வைத்துக்கொண்டால் பத்து வருஷம் கழித்துக் கணக்குச் சொல்வது சுலபம். எல்லாம் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் எது யாருடையது என்று யாராலும் பிரிக்க முடியாது.

அவ பேர்ல டிமாட் கணக்கு திறந்து நான்தான் ஷேர் வாங்கி விக்கிறேன். அதுக்கும் இதேதானா?

இதேதான். லாபமும் உங்களுடையது, நஷ்டமும் உங்களுடையது. மனைவிக்கு 12 லட்சம் வரை வரியில்லையே என்று அவர் ரிட்டனில் காட்டுவது இரண்டு வகையில் தப்பு. பணம் உங்களுடையது என்பது ஒன்று. புதிய முறைத் தள்ளுபடி பங்குச் சந்தை லாபத்துக்கான தனி விகித வரிக்குப் பொருந்தாது என்பது இன்னொன்று.

மனைவி தன் சம்பளத்திலோ, பிறந்த வீட்டார் கொடுத்த பணத்திலோ வாங்கியிருந்தால் லாபம் முழுக்க அவருடையது.

குழந்தை பேர்ல போட்டா?

18 வயது ஆகும்வரை பிள்ளையின் வட்டி, டிவிடெண்ட் எல்லாம் அப்பா, அம்மா இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். தாத்தா பாட்டி கொடுத்த பணமாக இருந்தாலும் அப்படித்தான். பழைய முறையில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ரூ.1,500 விலக்கு உண்டு, புதிய முறையில் அதுவும் இல்லை. பெற்றோர் விவாகரத்து ஆனவர்கள் என்றால் பிள்ளையை வளர்ப்பவர் கணக்கில் சேரும்.

பிள்ளை தன் திறமையாலோ உழைப்பாலோ சம்பாதித்தால் அது பிள்ளையின் சொந்த வருமானம். பாட்டுப் போட்டியில் வென்ற பரிசு, நடித்து வாங்கிய சம்பளம் இந்த வகை. சட்டம் குறிப்பிடும் மாற்றுத்திறன் உள்ள பிள்ளையின் வருமானமும் பெற்றோரோடு சேராது. இந்தக் கடைசி விஷயம் தெரியாமல் வருஷக்கணக்கில் கூடுதல் வரி கட்டுகிற பெற்றோர் உண்டு.

செல்வமகள் திட்டத்து வட்டியையும் சேர்க்கணுமா?

வேண்டாம். அந்த வட்டிக்கு வரியே இல்லை, அதனால் சேர்க்கவும் ஒன்றும் இல்லை. பத்து வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தைக்குத் தொடங்கலாம், ஆண்டுக்கு ரூ.250 முதல் ரூ.1.5 லட்சம் வரை 15 வருஷம் கட்டலாம். பி.பி.எஃப். எனும் பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டிக்கும் வரி இல்லை.

பையனுக்கு இருபது வயசு. அவனுக்குக் கொடுத்தா? மருமகளுக்குக் கொடுத்தா?

18 தாண்டிய மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தால், கொடுத்ததற்கும் வரி இல்லை, வருமானமும் உங்கள் கணக்குக்கு வராது. மருமகனுக்குக் கொடுத்தாலும் வராது. மருமகளுக்குக் கொடுத்தால் மட்டும் மாமனார், மாமியார் கணக்கில் சேரும். மகனின் மனைவி என்று சட்டம் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னாடியே கொடுத்துட்டா?

கெட்டிக்காரத்தனமான கேள்வி. கொடுக்கும்போதும் வருமானம் வரும்போதும் இருவரும் கணவன் மனைவியாக இருந்தால்தான் இந்தச் சேர்ப்பு விதி பிடிக்கும் என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிச்சயமான பெண்ணுக்குக் கொடுத்த பங்குகள் பற்றிய வழக்கு அது. ஆனால் இன்றைய சட்டத்தில் நிச்சயம் மட்டும் ஆனவர் உறவினர் இல்லை. ரூ.50,000-க்கு மேல் கொடுத்தால், திருமணத்தையொட்டிய பரிசு என்று காட்ட முடியாதபோது, வாங்கும் பெண்ணுக்கு வரி வரும்.

கல்யாண மொய்க்கு வரி உண்டா? எங்க பக்கம் மொய் விருந்தே வைப்போம்.

மணமக்களுக்கு அவர்கள் திருமணத்தையொட்டி வரும் பரிசுக்கு வரி இல்லை. உறவினர், நண்பர் யார் கொடுத்தாலும், எவ்வளவு கொடுத்தாலும். ஆனால் சட்டம் சொல்வது திருமணம் செய்துகொள்பவருக்குத்தான். நம் ஊரில் மொய் நோட்டு பெரும்பாலும் பெற்றோர் பெயரில் இருக்கும், திருப்பிச் செய்யும் கடமையும் அவர்களுக்குத்தான். அதனால் வந்த பணத்தை மணமக்கள் கணக்கில் போடுங்கள். மொய் நோட்டையும் பத்திரிகையையும் எடுத்து வையுங்கள். ஒரு நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து ரொக்கமாக ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது. வாங்கினால் அதே தொகை அபராதமாக விழலாம்.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனைப் புகுவிழா ஆகியவற்றுக்கு இந்த விலக்கு இல்லை. அங்கே யார் கொடுத்தார் என்பதுதான் கணக்கு. தாய்மாமன் சீர் எவ்வளவு பெரிதானாலும் வரி கிடையாது. பெற்றோருடன் பிறந்தவர்கள் சட்டத்தின் உறவினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி, நண்பர்கள் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் கொடுத்ததெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ரூ.50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி, தாண்டியதற்கு மட்டுமல்ல. இன்னொரு விசித்திரமும் உண்டு: தாய்மாமா தன் அக்காள் மகனுக்குக் கொடுத்தால் விலக்கு, அதே பையன் வளர்ந்து மாமாவுக்குக் கொடுத்தால் விலக்கு இல்லை.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தில் கல்யாணமே கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விருந்து வைத்து மொய் வாங்கி, பிறகு வரிசையாகத் திருப்பிச் செய்வார்கள். நடைமுறையில் அது வட்டியில்லாக் கடன். பரிசு இல்லை, திருப்பித் தர வேண்டிய பணம் என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்த நோட்டுதான்.

வீட்டில் எவ்வளவு நகை வெச்சுக்கலாம்?

வைத்துக்கொள்ள உச்சவரம்பு இல்லை. எல்லாரும் சொல்லும் அந்த 500 கிராம் கணக்கு 1994-இல் நேரடி வரிகள் வாரியம் அதிகாரிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலிருந்து வருகிறது. சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 வரை கைப்பற்ற வேண்டாம் என்பதே அது. 500 கிராம் என்றால் 62½ சவரன். அதற்கு மேல் இருந்தால் பில்லோ, உயிலோ, அம்மா வீட்டுச் சீர் என்பதற்கான ஆதாரமோ இருந்தால் போதும்.

இன்ஷூரன்ஸ், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் யார் கணக்கில் காட்டறது?

புதிய முறையில் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது, இந்தக் கழிவுகள் அதில் இல்லை. பழைய முறையில் யார் கட்டினாரோ அவர் காட்டலாம். 80சி பிரிவில் தன், துணைவர், பிள்ளைகள் பெயரிலுள்ள ஆயுள் காப்பீடும் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் வரும். 80டி பிரிவில் குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டுக்கு ரூ.25,000, பெற்றோருக்குத் தனியாக ரூ.25,000, அவர்கள் 60 தாண்டியிருந்தால் ரூ.50,000. மாமனார், மாமியாருக்கு நீங்கள் கட்டினால் கழிவு கிடைக்காது. மனைவிக்கு வருமானம் இருந்தால் அவருடைய பெற்றோருக்கு அவரே கட்டட்டும். கணவன் ஒரு முறை, மனைவி வேறு முறை என்று தேர்ந்தெடுக்கவும் தடையில்லை.

வீட்டை ரெண்டு பேர் பேர்லயும் வாங்கலாமா?

வாங்குங்கள், அதுதான் நல்லது. யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பதைப் பத்திரத்திலேயே பங்காக எழுதுங்கள். இருவரும் உரிமையாளராகவும் இருவரும் கடன்தாரராகவும் இருந்து இருவரும் தவணை கட்டினால், பழைய முறையில் சொந்தக் குடியிருப்புக்கு வட்டிக் கழிவு ஆளுக்கு ரூ.2 லட்சம் வரை. கணவர் முழுப் பணமும் கொடுத்து மனைவி பெயரும் போட்டிருந்தால், வாடகைக்கும் பின்னால் விற்கும் லாபத்துக்கும் எஃப்.டி. கேள்வியில் சொன்னதே பொருந்தும்.

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், ரூ.10 லட்சம் மதிப்புக்குள் இருக்கும் சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

ரிட்டன் போட்டா மகளிர் உரிமைத் தொகை நின்னுடுமா?

2023 செப்டம்பர் 15-இல் திட்டம் தொடங்கியபோது அறிவித்த விதி இது: குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், குடும்பத்தில் வருமான வரி கட்டுபவரோ, அந்த வரம்புக்கு மேல் வருமானம் காட்டி ரிட்டன் போடுபவரோ இருக்கக் கூடாது. இங்கே மட்டும் அரசு வீட்டை ஒரே அலகாகப் பார்க்கிறது. வரி வாங்கும்போது ஆள் ஆளாக, உதவி கொடுக்கும்போது குடும்பமாக.

வண்டிக் கடன் கிடைக்கட்டும் என்று இடைத்தரகர் பேச்சைக் கேட்டு, சம்பாதிக்காத ரூ.4.5 லட்சத்தை மகன் ரிட்டனில் காட்டி, அம்மாவின் விண்ணப்பம் தள்ளுபடியான குடும்பங்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. ரிட்டனில் உண்மையை மட்டும் எழுதுங்கள்.

குழந்தை பிறந்தா, கல்யாணம் பண்ணா என்ன உதவி கிடைக்கும்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் முதல் இரண்டு பிரசவத்துக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட, தலா ரூ.18,000. கர்ப்பமானதும் கிராமச் செவிலியரிடம் பதிந்துகொள்வதுதான் முதல் படி. தனியார் வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 2017 முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு.

தாலிக்குத் தங்கம் தரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி 2022-இல் உயர்கல்வி உதவியாக மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000, புதுமைப் பெண் என்ற பெயரில். கல்யாணத்துக்குக் காத்திருந்த பணம் படிப்புக்குப் போனதை மனசார வரவேற்கிறேன். சாதி மறுப்புத் திருமணம், கைம்பெண் மறுமணம் ஆகியவற்றுக்கான உதவிகள் தனித் திட்டங்கள்.

விவாகரத்தில் வாங்கின பணத்துக்கு வரி உண்டா?

மொத்தமாக ஒரே தடவை வாங்கும் ஜீவனாம்சத்தை மூலதன வரவு என்று எடுத்துக்கொண்டு வரி இல்லை என்பதும், மாதாமாதம் வருவதை வருமானமாக எடுத்துக்கொள்வதும் நடைமுறை. கொடுப்பவருக்கு எந்தக் கழிவும் இல்லை. தனித்து வாழ்வதற்கான ஒப்பந்தத்தின்படி மாற்றிய சொத்தின் வருமானம் கொடுத்தவர் கணக்கில் சேராது.

எல்லாம் என் பேர்லதான் இருக்கு. எங்க கையெழுத்துன்னு சொன்னா போடுவேன், அவ்வளவுதான். நோட்டீஸ் வந்தா நான் மாட்டிக்குவேனா?

இதைப் பெண்கள் பெரும்பாலும் கணவர் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில்தான் கேட்கிறார்கள். பான் உங்களுடையது என்றால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். பயப்பட வேண்டாம். கணவர் கணக்கில் காட்டிய பணத்தில் மனைவி பெயரில் சொத்து வாங்குவது பினாமி ஆகாது, 2016 திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பணம் எங்கிருந்து வந்தது, வருமானத்தை யார் ரிட்டனில் காட்டினார் என்ற இரண்டுக்கும் பதில் இருந்தால் போதும்.

அந்தப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும். வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்குக்கு உங்கள் செல்பேசி எண்ணையும் உங்கள் மின்னஞ்சலையும் கொடுங்கள். பல வீடுகளில் இரண்டு பேருக்கும் கணவர் எண்தான் இருக்கிறது, நோட்டீஸ் வந்ததே மனைவிக்குத் தெரிவதில்லை. உள்ளே போனால் ஆண்டுத் தகவல் அறிக்கை என்று ஒன்று இருக்கும். உங்கள் பான் மீது வந்த வட்டி, பங்கு விற்பனை, சொத்துப் பதிவு பெரும்பாலும் அதில் தெரியும். அடுத்த முறை வரும்போது அதை எடுத்து வாருங்கள், ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பார்க்கலாம்.